மேல்வரிசைக் கொடிகள்

கர்மிரகர்
ஆர்மேனியா
6 ஏப்ரல் 2009

ஸாவெனுக்கு,

நீ அறைந்துவிட்டுப் போன கதவு இன்னும் சரியாகச் சாத்தவில்லை. உன் அத்தான் மூகுச் கீலைக் கழற்றி ஆணி மாற்றிப் பார்த்துவிட்டார். பிரான்சில் நீ அமைதியான பையன் என்று பெயர் வாங்கியிருக்கலாம். இங்கே கதவு வேறு விதமாகச் சாட்சி சொல்கிறது.

அப்பாவின் நாற்பதாம் நாளுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாய். கல்லறையில் ஒயினை ஊற்றினாய், அழுதாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, "இந்தக் கிழட்டுக் கொடிங்கள எல்லாம் பிடுங்கி எறிஞ்சிட்டு உருப்படியா ஒண்ணு நடணும்"னாயே! நாற்பது நாள் முன்னால் மண்ணுக்குள் போன மனுஷன் நட்டு வளர்த்த திராட்சைக் கொடிகளை! பக்கத்துத் தோட்டத்து ஹமாயாக் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான், பார்த்தாயா? அவன் கிண்ணத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

நிலம் நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஆற்றோரத்துக் கீழ்ப்பாதி உனக்கு, மலையோரத்து மேல்பாதி எனக்கு. உன் பாதியில் உன் இஷ்டம் என்கிறாய். சட்டம் உன் பக்கம்தான், என் வயிறுதான் எரிகிறது.

ஈரச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாயே, அந்த நாற்றுகள் என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை மூகுச் கறி சுட்டார். அடியில் போட்டது உன் நாற்றுகளைத்தான். உங்கள் பிரெஞ்சு விறகில் பன்றிக்கறி நன்றாகவே வெந்தது, குறை ஒன்றும் இல்லை.

போன் பண்ணாதே. போனில் நான் வாயைத் திறந்தால் நீ கத்துவாய், நீ திறந்தால் நான் கத்துவேன். எழுது. எழுதினால் நடுவில் எழுந்து போய் ஒரு தேநீராவது குடிக்கலாம்.

ஷுஷான்


போர்தோ அருகே
2 மே 2009

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

அந்த நாற்றுகள் எங்கள் தோட்டத்தில் நடவு முடிந்து மிஞ்சியவை. வேர் காயக்கூடாது என்று மண்ணோடு பெயர்த்து, விமானத்தில் என் துணிமணியை விட்டுவிட்டு அதை ஏற்றிக்கொண்டு வந்தேன். நீ அதில் கறி சுட்டுச் சாப்பிட்டிருக்கிறாய். உன்னிடம் வேறு எதை எதிர்பார்த்தேன்?

கேள். நம் அப்பா வாழ்நாள் முழுக்கத் திராட்சையை லாரியில் ஏற்றினார். எங்கோ மாஸ்கோவில் ஒரு மேஜையில், ஒயின் ஜார்ஜியாக்காரன் செய்யட்டும், ஆர்மேனியாக்காரன் பிராந்தி காய்ச்சட்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். அவர் ஏற்றிய பழம் எந்தப் புட்டிக்குள் போனது என்று அவருக்கே தெரியாது. பிறகு குடியை ஒழிக்கிறோம் என்று கொடியை வெட்டச் சொன்னார்கள். பிறகு மாஸ்கோ ஆண்ட அந்த நாடே சிதறிப்போய்விட்டது. மின்சாரமும் இல்லை, விறகும் இல்லை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சியது என்ன? நீ நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, கோலா பாட்டிலில் ஒயினை ஊற்றி ஈரான் லாரிக்காரர்களிடம் விற்கிறாய். அவர்கள் நாட்டில் குடிக்குத் தடை. பார்க்கிறவனுக்குக் கோலா என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான். நம் ஒயின் வெளிநாடு போகிறது, ஆனால் முக்காடு போட்டுக்கொண்டு போகிறது.

இங்கே ஒரு புட்டியை மேஜையில் வைத்தால், எந்த மலைச்சரிவு, எந்த வருடம் என்று பேசுகிறார்கள். நம் பழத்தின் பெயரைச் சொன்னேன். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம். உலகத்துக்குத் தெரிந்த ஜாதியை நட்டால்தான் நமக்கு விடிவு.

வரும் வசந்தத்தில் என் பாதிக்கு டிராக்டர் வரும். ஆள் பேசியாகிவிட்டது.

ஸாவென்


கர்மிரகர்
17 ஆகஸ்டு 2009

ஸாவெனுக்கு,

நேற்று கோயிலில் திராட்சைக்கு ஆசீர்வாதம் நடந்தது. அதற்கு முன்னால் ஒரு பழம்கூட வாயில் போடவில்லை, வழக்கம்போல. நீ அங்கே ஜூலையிலேயே தின்றிருப்பாய்.

கோலா பாட்டிலைப் பற்றி எழுதினாய். அதற்கு இன்றைக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அந்தப் பாட்டில்தான் அப்பாவுக்கு மருந்து வாங்கியது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வேறு ஒரு சேதி. ஆற்று வளைவுக்கு மேலே நாம் ஆடு தேடிப் போவோமே, அந்தக் குகை நினைவிருக்கிறதா? வௌவால் நாற்றம் என்று நீ உள்ளே வரவே மாட்டாய். யெரெவானிலிருந்து வந்து அதைத் தோண்டுகிறார்கள். தலைவி ஒரு பெண், தாகுஹி என்று பெயர். எலும்பும் தோலுமாக இருப்பாள், ஆனால் அவள் குரலைக் கேட்டால் ஹமாயாக்கே பயப்படுவான். மண் சலிக்க ஊர்ப்பெண்களைக் கூப்பிட்டாள். லாரிகள் வராத நாட்களில் நானும் போகிறேன்.

போன வாரம் ஆட்டுச்சாணத்துக்கு அடியில் ஒரு செருப்பு கிடைத்தது. ஒற்றைச் செருப்பு. ஒரே தோலைக் காலைச் சுற்றி மடித்து, முன்னால் வார் கோத்துக் கட்டியது. உள்ளே புல் திணித்திருந்தது. வாரின் முடிச்சு அவிழாமல் இருந்தது, ஸாவென். நேற்றுக் கழற்றிப் போட்டது மாதிரி இருந்தது. நான்கூட, யாரோ ஆட்டுக்காரனுடையது, நம் தாத்தா காலத்ததாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். தாகுஹி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயாயிரத்துக்கும் மேல, ஷுஷான்."

"என்ன, நாளா?"

"வருஷம்."

என் கால் அளவுதான் இருக்கும் அது. கையில் வாங்கவே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மூகுச்சிடம் சொன்னேன். "ஒத்தச் செருப்பா? இன்னொண்ணைத் தேடி அவன் பொண்டாட்டி கத்தியிருப்பா" என்றார். அவ்வளவுதான் அவர்.

ஷுஷான்


போர்தோ அருகே
20 செப்டம்பர் 2009

அக்கா,

அறுவடை நடக்கிறது. எழுத நேரமில்லை.

செருப்பு பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செருப்பை வைத்துக்கொண்டு யாரும் ஒயின் விற்க முடியாது. டிராக்டர்காரனுக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன், என் மனதை மாற்றப் பார்க்காதே.

குகைக்குள் வேறு என்ன கிடைக்கிறது? சும்மா கேட்கிறேன். அந்த மண்ணில் விதை ஏதாவது வந்தால் எழுது.

ஸாவென்


கர்மிரகர்
8 நவம்பர் 2009

ஸாவென் ஜான்,

பார், பழைய செல்லத்தில் உன்னை 'ஜான்' என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் இதைக் கோபத்தோடு எழுத முடியாது.

விதை வந்தது. என் சல்லடையில்தான் வந்தது. கறுத்துப்போன, மூக்கு நீண்ட குட்டி விதைகள். திராட்சை விதையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்கத் துப்பியிருக்கிறேனே! பக்கத்திலிருந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அதற்கு அப்புறம் ஒரு மாதம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. விதை கிடைத்த இடத்தைத் தூரிகையால் பெருக்கப் பெருக்க, களிமண் பூசிய தரை ஒன்று வெளியே வந்தது. சுற்றிலும் விளிம்பு கட்டியிருக்கிறது. ஒரு பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவு முடிகிற இடத்தில், கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழி. மிதித்தால் சாறு தானாக ஓடித் தாழிக்குள் இறங்க வேண்டும். ஸாவென், நம் களஞ்சியத்தில் அப்பா கட்டின மிதிதொட்டி எப்படி இருக்கிறது? அதே விளிம்பு, அதே சரிவு. அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவருடைய அப்பா. அவருக்கு? இப்படியே கேட்டுக்கொண்டு போனால் அந்தக் குகை வாசலில் போய் நிற்கிறது. ஆறாயிரம் வருடம் என்கிறாள் தாகுஹி. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். தொட்டியைச் சுற்றி வேறு தாழிகள் இருந்தன. அவற்றில் மண்டையோடுகள். இறந்தவர்களை வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களுக்குப் பக்கத்திலேயே பழத்தை மிதித்து, அவர்களுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். நீயும் நானும் மார்ச் மாதம் அப்பாவின் தலைமாட்டில் செய்தோமே, அதையேதான்!

நம் ஜாதிப் பழம்தானா அது என்று கேட்டேன். "இப்பவே சொல்ல முடியாது" என்றாள். சொல்லாவிட்டால் போகட்டும்.

மூகுச்சைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்த பிறகு, "ஆறாயிரம் வருஷமா இதே வேலை பாத்திருக்கானுங்க, ஒருத்தனாவது பணக்காரன் ஆனானா பாரு" என்றார். கண் கலங்கியிருந்ததை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார்.

மாஸ்கோக்காரன் மேஜையில் உட்கார்ந்து பிராந்தி காய்ச்சு என்றான் என்று எழுதினாய். அந்த மேஜை எத்தனை வருடம் நின்றது? எழுபது. வசந்தத்தில் உன் டிராக்டர் வந்தால் நான் முன்னால் படுத்துக்கொள்ள மாட்டேன், அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது. நீ ஒருமுறை வந்து அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு டிராக்டரை ஓட்டச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஷுஷான்


போர்தோ அருகே
24 ஜனவரி 2010

அக்கா,

டிராக்டர் வராது. இதை முதலில் படித்துவிடு.

உன் கடிதம் வந்ததிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. இரவில் அந்தச் சரிவு கண்ணுக்குள் வருகிறது. ஆனால் நான் மாறினது அதனால் மட்டும் இல்லை.

கொடி வெட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் மேஸ்திரி ஒடீல் என்கிற பெண். நல்லவள், வாய்தான் நீளம். உன் கதையை அவளிடம் சொன்னேன், குகை, செருப்பு, விதை எல்லாம். பேச்சோடு பேச்சாக, போன வருடம் நாற்று கொண்டுபோனதையும், நீ அதில் கறி சுட்டதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கத்திரியைக் கீழே போட்டாள்.

"மண்ணோடயா கொண்டுபோனே?"

"ஆமா, வேர் காயக்கூடாதுன்னு."

"அடப்பாவி! உங்க ஊர்க் கொடியெல்லாம் எந்த வேர்ல நிக்குது?"

"எந்த வேர்லன்னா? அதோட வேர்லதான்."

அவள் அங்கேயே ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கொடி கொண்டுவந்து இந்த நாட்டில் நட்டார்களாம். அதன் வேரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பேன். அந்தக் கொடியை அது ஒன்றும் செய்யாது. இங்கிருந்த கொடிகளின் வேரை உறிஞ்சித் தீர்த்துவிட்டது. தோட்டம் தோட்டமாக, மாவட்டம் மாவட்டமாக, பிரான்சு முழுவதும் காய்ந்தது. மருந்தே இல்லை. கடைசியில் எல்லாக் கொடியையும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுத்தான் பிழைத்தார்கள். நான் ஒன்பது வருடமாக வெட்டி, கட்டி, பறிக்கிற இந்தக் கொடிகள் எல்லாம் அடியில் அந்நிய வேர். பேன் இன்னும் மண்ணில் இருக்கிறதாம். வேர்தான் அதைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நம் பள்ளத்தாக்குக்கு அது இன்னும் வரவில்லை, அக்கா. நம் கொடி முழுக்கத் தன் சொந்த வேரில் நிற்கிறது. குகைக்காரன் நட்ட காலத்திலிருந்து இப்படித்தான் நின்றிருக்கும். நான் எதைப் பார்த்து வெட்கப்பட்டேனோ, அதைப் பார்க்க ஒடீல் தன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வரத் தயார் என்கிறாள். அதற்குள்தான் நான் பெட்டியில் சாவை வைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நீ கோபத்தில் அதை நெருப்பில் போட்டாய். உன் கோபத்துக்குக் கோயில் கட்டலாம். உன் கையைப் பிடித்து முத்தமிடுகிறேன்.

உன் தம்பி


கர்மிரகர்
11 பிப்ரவரி 2010

ஸாவென் ஜான்,

நான் எரிக்கவில்லை.

உன் வயிறு எரியட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். அன்றைக்குக் கறி சுட்டது உண்மை. அடியில் போட்டது நாம் வழக்கமாகப் போடுகிற நம் கொடிக் கழிவு.

உன் நாற்றுகளைக் கையில் எடுத்தேன், அடுப்புவரை போனேன். முடியவில்லை. பச்சையாக இருந்தன. மின்சாரம் இல்லாத அந்தக் குளிர்காலத்தில் உனக்கு நெஞ்சுச் சளி வந்து மூச்சு இழுத்தபோது, அப்பா மேல்வரிசைக் கொடிகளை வெட்டி அடுப்பில் வைத்தாரே, உனக்கு ஞாபகம் இருக்காது. நீ சின்னவன், காய்ச்சல் வேறு. வெட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு கட்டையாக உள்ளே தள்ளிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் அவர் மறுபடி எதையும் நடவில்லை. மலையோரத்தில் போன வருடம்வரை அது மொட்டையாகக் கிடந்தது. உயிரோடிருக்கும் கொடியை இந்த வீட்டில் இன்னொரு தடவை அடுப்பில் வைக்க என் கை வரவில்லை.

அங்கேதான் நட்டேன், மேல்வரிசையில். நீ என்றைக்காவது வந்தால், 'பாரு, வளர்த்து வெச்சிருக்கேன்' என்று காட்டி உன் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன். கோடை முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினேன். அந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீர் எங்கே போகிறது? என் கொடிகளுக்கு, உன் பாதிக்கு, ஹமாயாக் தோட்டத்துக்கு, அதற்கும் கீழே ஆறுவரைக்கும் எல்லாத் தோட்டத்துக்கும்.

இப்போது மேலே பனி கிடக்கிறது. நாற்றுகளின் நுனி மட்டும் தெரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும், சொல்.

ஷுஷான்


போர்தோ அருகே
3 மார்ச் 2010

அக்கா,

போனில் நாம் பேசியதில் பாதி அழுகைதான். அதனால் மறுபடி எழுதுகிறேன்.

குளிரில் அது உறங்கும், நகராது. மண் சூடாகும் முன் செய்துவிட வேண்டும். நாற்றுகளை வேர் அறாமல் தோண்டி எடு. எடுத்த இடத்திலேயே எரி, கீழே கொண்டுவராதே. யெரெவானில் ஒரு வேர் நிபுணர் இருக்கிறாராம், தாகுஹி அழைத்துவருவதாகச் சொன்னாள் என்றாயே, அவர் வரும்வரை ஒரு நாற்றின் வேரை மட்டும் கண்ணாடிப் புட்டிக்குள் போட்டு வை.

இனி எழுதப்போவதை ஒடீலிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். வாய்க்காலை ஒட்டி நாற்றுகளுக்குக் கீழே இருக்கும் பழைய வரிசைகளும் போக வேண்டும். உன்னுடையது மட்டுமல்ல, ஹமாயாக்கின் மேல்வரிசையும். கொடியைப் பிடுங்கு என்று நான் சண்டை போட்டபோது நீ ஒன்றைக்கூட விடவில்லை. இப்போது அதையே கெஞ்சிக் கேட்கிறேன்.

விடுப்பு கேட்டேன், கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, "உன் பூட்ஸோட இப்ப அங்க போகாதே, அதுல ஒட்டின மண்ணோட பேனும் போகும்" என்று ஒடீல் தடுத்துவிட்டாள். நான் இங்கே கிடந்து சாகிறேன்.

ஸாவென்


கர்மிரகர்
9 மே 2010

ஸாவென் ஜான்,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நிபுணர் இரண்டாம் முறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் வாய்க்கால் மதகில் ஆண்கள் எல்லாரும் கூடுகிற நேரத்துக்குப் போனேன். யாரிடமும் தனியாகப் போய்ச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மொத்தமாகச் சொல்லிவிட்டேன். தம்பி கொண்டுவந்தான், நான் நட்டேன், வேரில் பேன் இருக்கலாம், வரிசைகளைப் பிடுங்கணும், ஹமாயாக் தோட்டத்திலும் பிடுங்கணும் என்று.

ஹமாயாக் என் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"என் அப்பன் நட்ட வரிசை அது. உன் தம்பி மேல இருக்கிற வீம்புக்கு என் தோட்டத்தில கைய வெப்பியா?"

"வெப்பேன். முதல்ல என்னோடது. நீ பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு."

"பேன் இல்லைன்னா? சும்மா பிடுங்கினதா ஆயிடுச்சுன்னா?"

"இல்லைன்னா என்னைத் திட்டு. இருந்தா திட்ட உனக்குத் தோட்டமே மிஞ்சாது."

அவன் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் நானும் மூகுச்சும்தான் மேலே போனோம். உன் நாற்றுகளைத் தோண்டி எடுத்து அங்கேயே எரித்தோம். பிறகு என் முதல் வரிசையில் முதல் கொடி. அடிமரம் என் தொடை கனம். நான்தான் கடப்பாரையை இறக்கினேன். அந்த வேரை நீ பார்த்திருக்க வேண்டும், ஸாவென். கீழே போகிறது, போகிறது, பாறைப் பிளவுக்குள் நுழைந்து போகிறது. என் கை எட்டும் ஆழம்வரை தோண்டினேன். அதற்கும் கீழே போகிறது. எங்கே முடிகிறது என்று கடைசிவரை நாங்கள் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகையைவிட மலைப்புத்தான் அதிகமாக வந்தது. இத்தனை ஆழத்தில் காலூன்றி நிற்கிற ஒன்றை மாஸ்கோவும் அசைக்கவில்லை, அந்தக் குளிர்காலமும் அசைக்கவில்லை. நானும் நீயும் அன்பாலும் வீம்பாலும் அசைத்துவிட்டோமே!

மதியம் பக்கத்தில் ஒரு கடப்பாரைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஹமாயாக். என்னைப் பார்க்காமல் தன் வரிசையில் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தான். அவன் பின்னால் ஊர் ஆண்கள் வந்தார்கள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் குவித்து நெருப்பு வைத்தோம். இந்த ஊரில் கொடிக்கட்டை எரிந்தால் யாராவது ஒருவன் கறியும் கம்பியுமாக வந்து நிற்பான், உனக்குத் தெரியாததா? அன்றைக்கு ஒருவன்கூடக் கொண்டுவரவில்லை. அவ்வளவு பெரிய தணல், மேலே ஒன்றும் இல்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஹமாயாக் வீட்டுக்குப் போய் ஒயின் கொண்டுவந்தான், என்னுடைய பழைய கோலா பாட்டிலில்தான். கல்லறையில் ஊற்றுவது போல நெருப்பைச் சுற்றி மண்ணில் ஊற்றினான். மீதியை என்னிடம் நீட்டினான். குடித்தேன். நம் ஒயின், ஸாவென். உலகத்தில் வேறெங்கும் அந்த ருசி கிடையாது.

நிபுணர் வந்தார். புட்டியில் இருந்த வேரைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பேன் இருந்தது. எனக்கும் காட்டினார். மஞ்சளாக, தூசி மாதிரி. அதுதான் ஒரு தேசத்தையே காயவைத்தது என்றால் நம்ப முடியவில்லை. பிறகு எரிக்காமல் எடுத்துவைத்த பழைய கொடிகளின் வேர்களைப் பார்த்தார். அன்று முழுக்கப் பார்த்தார், நான் பக்கத்திலேயே நின்றேன். போன வாரம் மறுபடி வந்து உன் பாதியிலும், ஹமாயாக் தோட்டத்திலும், ஆற்றோரத்திலும் தோண்டிப் பார்த்தார்.

எதிலும் இல்லை.

இரண்டு வருடம் விடாமல் பார்க்க வேண்டும் என்கிறார். பார்ப்போம். மேலே மொட்டை இடம் இப்போது நான்கு மடங்காகிவிட்டது. ஆனால் அதற்குக் கீழே எல்லாம் துளிர்த்திருக்கிறது. உன் பாதி முழுக்கப் பச்சை. நீ பிடுங்க இருந்த பாதிதான் இப்போது நம்மிடம் இருக்கும் பெரிய பாதி.

தாகுஹி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வருடம் ஒரு தாழி ஒயினை லாரிக்காரர்களுக்கு விற்காமல் வை என்றாள். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, பழத்தின் பெயரை மேலே எழுத வேண்டுமாம். மூகுச், நம் அப்பாவின் தாழியில் இருந்த முட்டைக்கோஸ் ஊறுகாயை வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். எழுதுகிற வேலை, பேசுகிற வேலையெல்லாம் நீதான் செய்ய வேண்டும். சிரிக்கிறவர்களிடம் எனக்குப் பேசத் தெரியாது, அடிக்கத்தான் தெரியும்.

ஆகவே அறுவடைக்கு வா. ஒடீலையும் கூட்டிக்கொண்டு வா, நம் வேரைத் தொட்டுப் பார்க்கட்டும். கதவு இப்போது நன்றாகச் சாத்துகிறது, இந்தத் தடவை மெதுவாகத் திற.

ஆனால் உங்கள் இருவர் பூட்ஸும் இந்த மண்ணில் படக்கூடாது. போன வருடம் மார்ச்சில் நீ மிதித்த படியை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். செருப்பு, கத்திரி, தொப்பி, எதுவும் அங்கிருந்து வர வேண்டாம். விமானத்திலிருந்து இறங்கினதும் எல்லாவற்றையும் கழற்றிவிடு. மூகுச் மாற்று உடையோடு விமான நிலைய வாசலில் நிற்பார்.

குகைக்காரன் ஒற்றைச் செருப்பை ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று தாகுஹி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. தொட்டியில் இறங்கக் கழற்றியிருப்பான்.

நீயும் வெறுங்காலோடு வா.

உன் அக்கா
ஷுஷான்